கொடையும் கடப்பாடும்: அமெரிக்கப் பொதுப் பள்ளிகளும் நூலகங்களும் பெற்ற தொழில்நுட்ப மானியம் குறித்து ஓர் ஆய்வு

கல்விக் கூடங்களுக்குப் பொருள் ஈவது உலகெங்கும் நற்செயலாகப் போற்றப்படுகிறது. ஈந்த பொருளால் எழுந்த கட்டடத்தின் முகப்பில் ஈந்தோர் பெயர் பொறிக்கப்படுகிறது. வாங்கிய கருவி மாலை சூட்டித் திறந்து வைக்கப்படுகிறது. பத்தாண்டுகள் சென்றபின் அக்கருவி இயங்குகிறதா, அதனை இயக்கத் தெரிந்தவர் அங்கு இருக்கின்றாரா என்று வினவுவோர் மிகச் சிலரே. ஒரு மானியம் எதற்குத் தரப்பட்டது என்பதைக் காட்டிலும், எதற்குத் தர மறுக்கப்பட்டது என்பதே அதன் பிற்கால வாழ்வைப் பெரிதும் முடிவு செய்கிறது என்பது நம் கருத்து. இக்கருத்தை, மானியத்தின் வரலாறு ஒளிவு மறைவின்றிப் பதிவாகியுள்ள அமெரிக்க நாட்டின் பொதுப் பள்ளிகளையும் நூலகங்களையும் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஒரு விளக்கம் இன்றியமையாதது. அமெரிக்காவில் பொதுப் பள்ளி எனப்படுவது மக்களின் வரிப்பணத்தால், அவ்வட்டாரப் பள்ளி வாரியம் நடத்தும் கட்டணமில்லாப் பள்ளியாகும். அதன் வருவாயில் கணிசமான ஒரு பகுதி அவ்வட்டாரத்தின் சொத்து வரியிலிருந்து வருகிறது. மாளிகைகள் நிறைந்த ஊரில் வரி மிகுதி, ஆகவே பள்ளியும் செழிப்பு. வறியோர் வாழும் ஊரில் வரி குறைவு, ஆகவே பள்ளியும் வறுமை. நடுவணரசும் அறக்கட்டளைகளும் ஈயும் மானியங்கள் பலவும் இந்த ஏற்றத்தாழ்வை ஓரளவேனும் ஈடுசெய்ய எழுந்தவையே. இதனை மனத்திற் கொண்டாலன்றிப் பின்வரும் செய்திகளின் உட்பொருள் விளங்காது.

கார்னகியின் பத்து விழுக்காடு

நூலகங்களுக்கு ஈதல் என்றவுடன் நினைவுக்கு வருபவர் ஆண்ட்ரூ கார்னகி. 1835ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் டன்ஃபெர்ம்லின் நகரில் நெசவாளர் ஒருவரின் மகனாகப் பிறந்த இவர், 1848இல் குடும்பத்தோடு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தார். தந்தி அலுவலகத்தில் செய்தி கொண்டு செல்லும் சிறுவனாகப் பணியாற்றிய நாளில், கர்னல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பார் தம் சொந்த நூல்களை உழைக்கும் சிறுவர்கள் சனிக்கிழமைதோறும் எடுத்துச் செல்லத் திறந்து வைத்திருந்தார். அந்நூலகம் பின்னர் விரிவடைந்தபோது, கைத்தொழில் பயிலாத சிறுவர்கள் ஆண்டுக்கு இரண்டு டாலர் கட்டவேண்டும் என்றொரு விதி வந்தது. சிறுவன் கார்னகி அதனை எதிர்த்துச் செய்தித்தாளுக்கு மடல் எழுதி, அவ்விதியைத் தளர்த்தச் செய்தார். இரண்டு டாலர் எத்துணைப் பெரிய மதில் என்பதை உணர்ந்த அச்சிறுவனே பின்னாளில் உருக்குத் தொழிலின் பேரரசராக விளங்கி, 1883இல் தம் பிறந்த ஊரில் தொடங்கி, உலகெங்கும் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நூலகக் கட்டடங்கள் எழப் பொருள் ஈந்தார். அவற்றுள் ஏறத்தாழ 1,680 அமெரிக்காவில் அமைந்தன.

அவர் ஈந்த முறையே நம் ஆய்வுக்கு உரியது. நூலகம் வேண்டும் என்று ஓர் ஊர் விண்ணப்பித்தால், அவருடைய செயலாளர் ஜேம்ஸ் பெர்ட்ராம் இரண்டு நிபந்தனைகளை விதிப்பார். இடத்தை ஊரார் தரவேண்டும். கட்டடத்திற்கு ஈயும் தொகையில் பத்தில் ஒரு பங்கினை ஆண்டுதோறும் வரிப்பணத்திலிருந்து நூலகப் பராமரிப்புக்கு ஒதுக்க ஊராட்சி உறுதி தரவேண்டும். பத்தாயிரம் டாலர் பெற்ற ஊர் ஆண்டுக்கு ஆயிரம் டாலர் செலவிட்டாக வேண்டும்; பத்தாண்டுகளில் ஊராரின் பங்கு கொடையாளியின் பங்குக்கு ஈடாகிவிடும். நூல்களுக்கோ நூலகர் ஊதியத்திற்கோ கார்னகி ஒரு காசும் தருவதில்லை. அவை ஊரின் கடப்பாடு. இலவசமாக வந்த பொருளை ஊர் மதியாது என்பது அவர் கொள்கை.

இக்கொள்கை எல்லாரிடத்தும் ஒருபடித்தாக வேலை செய்யவில்லை. 1892இல் ஹோம்ஸ்டெட் உருக்காலையில் நிகழ்ந்த குருதி சிந்திய வேலைநிறுத்தத்தை மறவாத தொழிலாளர் சங்கங்கள் சில, அவருடைய பணத்தில் நூலகம் வேண்டா என்று மறுத்தன. தென்மாநிலங்களில் கருப்பின மக்கள் பெரும்பாலான நூலகங்களின் வாயிலையே மிதிக்க இயலாதிருந்தனர். கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் அவர்களுக்கெனத் தனிக்கிளை ஒன்று 1908இல் கார்னகியின் பணத்தில் கட்டடம் பெற்றது. வாக்குறுதி தந்துவிட்டு ஆண்டுத் தொகையை ஒதுக்கத் தவறிய ஊர்களும் இருந்தன. 1915-16இல் கார்னகி நிறுவனம் ஆல்வின் ஜான்சன் என்னும் பொருளியல் அறிஞரை இந்நூலகங்களைப் பார்வையிட அனுப்பிற்று. கட்டடங்கள் இருக்கின்றன, ஆனால் பயிற்சி பெற்ற நூலகர்கள் பற்றாக்குறை என்பதே அவருடைய அறிக்கையின் சாரம். 1917க்குப் பின் புதிய கட்டட மானியம் நின்றது. பிற்காலத்தில் அந்நிறுவனமே நூலகர் கல்விக்குப் பொருள் ஈயத் தொடங்கியது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் பட்டமேல் நூலகப் பள்ளி 1926இல் அவ்வாறு எழுந்ததேயாகும். செங்கல்லில் தொடங்கிய கொடை மனிதரிடம் வந்து சேர நாற்பதாண்டுகள் ஆயின.

பிரித்தானியத் தீவுகளில் கார்னகி கேட்ட உறுதி சற்றே வேறுபட்டது. அங்கு 1850ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் ஏற்கெனவே இருந்தமையால், ஊராட்சி அச்சட்டத்தை ஏற்று நூலக வரி விதிக்கவேண்டும் என்றார். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்த்தப்பட்ட சீ.இரா. அரங்கநாதன் 1924இல் நூலகவியல் பயில இலண்டன் சென்றபோது, வரியால் இயங்கும் இப்பொது நூலகங்களையே ஊர் ஊராகச் சென்று கண்டார். அவர்தம் முயற்சியால் 1948இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம், சொத்து வரியோடு நூலக வரியையும் சேர்த்துத் தண்டுவதற்கு வழி வகுத்தது. நம் ஊர்ப்புற நூலகம் ஒன்றில் செய்தித்தாள் படிக்கும் முதியவர், ஆண்டுதோறும் தாம் செலுத்தும் வீட்டு வரியிலேயே அந்நூலகத்தின் பங்கும் அடங்கியிருப்பதை அறியாமலேயே படித்துக் கொண்டிருக்கலாம். மானியம் என்பது வந்து போவது. வரி என்பது நிற்பது. இவ்வேறுபாட்டினை ஈண்டுக் குறித்துக்கொண்டு மேற்செல்வோம்.

விண்கோள் தந்த பணம்

அமெரிக்க நடுவணரசு நூலகங்களுக்கும் பள்ளிக் கருவிகளுக்கும் நேரே கை கொடுத்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேதான். 1956இல் சிற்றூர் நூலகங்களுக்கென நூலகப் பணிச் சட்டம் வந்தது. 1957 அக்டோபரில் சோவியத் நாடு ஸ்புட்னிக் விண்கோளை ஏவவே, அமெரிக்கர்கள் தம் பள்ளிகளைக் குறித்து அஞ்சினர். அவ்வச்சத்தின் விளைவாக 1958இல் தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் பிறந்தது. அறிவியல், கணிதம், அயல்மொழி ஆகியவற்றைக் கற்பிக்கும் கருவிகளுக்கு நடுவணரசு ஒரு பங்கும் மாநிலமோ உள்ளாட்சியோ ஒரு பங்கும் ஏற்கும் ஈட்டு மானியம் வழங்கப்பட்டது. நாடெங்கும் பள்ளிகளில் மொழி ஆய்வகங்கள் தோன்றின. காதில் ஒலிக்கருவி மாட்டிக்கொண்டு மாணவர் அயல்மொழி பயிலும் அவ்வறைகளுள் பல எழுபதுகளில் பழுதுற்றும் பயனற்றும் கிடந்தன. நாடாக்களைத் திருத்தவும், பாடத்தைக் கருவிக்கேற்ப அமைக்கவும் ஆசிரியருக்கு நேரமும் பயிற்சியும் போதிய அளவு தரப்படாமையே முதன்மைக் காரணம்.

1965ஆம் ஆண்டின் தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டம் இவ்வகையில் ஒரு திருப்புமுனை. அதன் இரண்டாம் பகுதி பள்ளி நூலக வளங்களுக்கென முதலாண்டிலேயே 10 கோடி டாலர் ஒதுக்கியது. நூலகமே இல்லாதிருந்த எத்தனையோ தொடக்கப் பள்ளிகள் முதன்முதலாக நூலகம் கண்டன. பின்னர் இத்தொகை பிற திட்டங்களோடு கலக்கப்பட்டுத் தன் தனித்தன்மையை இழந்தது. வானொலி, திரைப்படம், தொலைக்காட்சி எனப் புதுப்புதுக் கருவிகள் வகுப்பறைக்குள் வந்து போன வரலாற்றை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரி கியூபன் 1986இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியுள்ளார். கருவியைத் தேர்ந்தவர் மேலிருந்தவர். பயன்படுத்த வேண்டியவர் ஆசிரியர். இவ்விருவரும் கலந்து பேசவேயில்லை என்பது அந்நூலைப் பயில்வார்க்கு விளங்கும்.

தொலைபேசிக் கட்டணத்திலிருந்து ஒரு நிதி

இனி இக்கட்டுரையின் நடுவண் பொருளாகிய இ-ரேட் திட்டத்தைக் காண்போம். 1994இல் அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் 35 விழுக்காட்டிற்கு மட்டுமே இணையத் தொடர்பு இருந்தது. கற்பிக்கும் அறைகளைக் கணக்கிட்டால் 3 விழுக்காடுதான். அலுவலக அறையில் ஒரு கணிப்பொறி இருந்தாலும் பள்ளிக்கு இணையம் உண்டு என்றே கணக்கு. குழந்தைகள் அதனைத் தொட்டிருக்க மாட்டார்கள். இந்நிலையில், 1996 பிப்ரவரி 8ஆம் நாள் தொலைத்தொடர்புச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் கிளின்டன் கையொப்பமிட்டார். கையொப்பமிட்ட இடம் நாடாளுமன்ற நூலகம் என்பது பொருத்தமே. ஒலிம்பியா ஸ்னோ, ஜே ராக்கஃபெல்லர், ஜேம்ஸ் எக்ஸன், பாப் கெர்ரி என்னும் மேலவை உறுப்பினர் நால்வரின் முயற்சியால், பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் தொலைத்தொடர்புச் சேவையைக் குறைந்த கட்டணத்தில் வழங்கவேண்டும் என்னும் பிரிவு அதில் இடம்பெற்றது. கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 1997 மே மாதத்தில் இதற்கான விதிகளை வகுத்து, ஆண்டுக்கு 225 கோடி டாலர் என உச்சவரம்பும் கட்டியது. 1998இல் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

இப்பணம் அரசுக் கருவூலத்திலிருந்து வருவதன்று. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம் வருவாயில் ஒரு பங்கினைப் பொதுச் சேவை நிதிக்குச் செலுத்துகின்றன. அவை அதனைத் தம் வாடிக்கையாளரிடமிருந்து மாதக் கட்டணச் சீட்டில் ஒரு வரியாக வாங்கிக் கொள்கின்றன. அந்நாளில் துணைக் குடியரசுத் தலைவராயிருந்த ஆல் கோர் இத்திட்டத்தைப் பெரிதும் ஆதரித்தமையால், எதிர்த்தவர்கள் அதனைக் 'கோர் வரி' என்று எள்ளினர். எள்ளலில் ஓர் உண்மையும் இருந்தது. ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் வாயிலில் நின்று கையேந்தவேண்டாத நிதி என்பதால், இது மானியம் என்பதினும் வரிக்கே நெருங்கியது. ஆகவேதான் பின்னர் வந்த பிற திட்டங்கள் மறைந்தொழிந்தும் இது நிலைத்தது என்று நாம் கருதுகிறோம்.

தள்ளுபடியை அளக்கும் கோல் சுவையானது. அமெரிக்கப் பள்ளிகளில் வறிய குடும்பத்துக் குழந்தைகளுக்கு இலவசமாகவோ குறைந்த விலையிலோ நண்பகல் உணவு தரப்படுகிறது. ஒரு பள்ளியில் அவ்வுணவுக்குத் தகுதியுடைய மாணவர் நூற்றுக்கு எத்தனைபேர் என்பதே கணக்கு. நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானால் 20 விழுக்காடு தள்ளுபடி. 75 பேரும் அதற்கு மேலும் ஆனால் 90 விழுக்காடு. இடைப்பட்ட நிலைகளில் சிற்றூர்ப் பள்ளிக்கு நகரப் பள்ளியைவிடச் சற்றே கூடுதல். பொது நூலகத்திற்கு அவ்வட்டாரப் பள்ளிகளின் அளவே அளவு. பசியை அளந்து அறிவுக்கு வழிவிடும் இம்முறையை, மதிய உணவால் பள்ளிச் சேர்க்கையை வளர்த்த தமிழ்நாட்டார் எளிதில் உணர்வர். பெரும் நிதிமூலம் இல்லாத, இலாப நோக்கற்ற தனியார் பள்ளிகளும், சமய அமைப்புகள் நடத்தும் பள்ளிகள் உட்பட, இதில் விண்ணப்பிக்கலாம் என்பதும் குறிப்பிடத்தக்கது.

விண்ணப்பிக்கும் முறை நெடியது. தமக்கு வேண்டிய சேவையைப் பள்ளி முதலில் பொது அறிவிப்பாக வெளியிடவேண்டும். குறைந்தது 28 நாள்கள் காத்திருந்து ஒப்பந்தப்புள்ளிகளைப் பெறவேண்டும். அவற்றுள் விலைக்கே முதன்மை தந்து தேர்ந்தெடுத்தபின், மற்றொரு படிவத்தில் மானியம் கோரவேண்டும். ஒரு நாள் பிந்தினாலும், ஒரு கட்டம் விடுபட்டாலும் விண்ணப்பம் தள்ளப்படலாம். பெரிய நகரப் பள்ளி வாரியம் இதற்கென்றே அலுவலரை அமர்த்திக்கொள்ளும். இல்லையேல் கூலிக்கு ஆலோசகரை வைத்துக்கொள்ளும். தலைமை ஆசிரியரே எழுத்தராகவும் விளங்கும் சிற்றூர்ப் பள்ளி என் செய்யும்? ஒரே ஒரு பணியாளர் கதவு திறந்து, நூல் வழங்கி, கூட்டிப் பெருக்கும் நூலகம் என் செய்யும்? மிகுந்த தேவையுடையோர்க்கு மிகுந்த தள்ளுபடி என்று சட்டம் சொன்னாலும், படிவம் நிரப்பும் திறன் தேவையின் அளவுக்கு எதிராகவே அமைந்திருந்தது. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் முதல் தலைமுறை மாணவரைக் கண்டிருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பத்து விழுக்காடு மறைந்த கதை

கார்னகி கேட்டது ஆண்டுதோறும் பத்து விழுக்காடு. இ-ரேட் திட்டத்தில் மிக வறிய பள்ளி செலுத்தவேண்டியதும் விலையில் பத்து விழுக்காடே. எண் ஒன்றாயினும் விளைவு வேறாயிற்று. தொண்ணூறு பங்கினை நிதி தருகிறது என்றவுடன், விலை உயர்ந்தாலும் பள்ளிக்கு உறைப்பதில்லை. பத்து டாலர் பொருளை நூறு டாலர் என்றாலும் பள்ளி தருவது பத்து டாலர்தான். அப்பத்தினையும் 'நீங்கள் தரவேண்டா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று விற்பனையாளர் சிலர் சொன்னார்கள். அது விதிக்கு முரணானது, எனினும் நிகழ்ந்தது. தன் பங்கினைத் தராத பள்ளிக்கு விலையைப் பற்றிய கவலையே இல்லாமற் போயிற்று. ஒப்பந்தப்புள்ளிகளில் கள்ளக் கூட்டு நடந்ததாகவும் வழக்குகள் எழுந்தன. 2004இல் ஒரு பெரிய நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு இரண்டு கோடி டாலருக்கும் மேல் செலுத்த இசைந்தது.

இவற்றுள் நெஞ்சை உறுத்துவது புவேர்ட்டோ ரிக்கோ தீவின் செய்தி. அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட அத்தீவில் வறுமை மிகுதி. அங்குள்ள ஏறத்தாழ 1,500 பள்ளிகளை இணைப்பதற்கென, திட்டத்தின் முதற்சில ஆண்டுகளில் 10 கோடி டாலருக்கும் மேல் செலவிடப்பட்டது. 2004இல் நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது, உண்மையில் இணையம் எய்திய பள்ளிகள் மிகச் சிலவே என்பதும், கோடிக்கணக்கான டாலர் பெறுமான கருவிகள் பிரிக்கப்படாத பெட்டிகளாகக் கிடங்கில் உறங்கின என்பதும் வெளிப்பட்டன. கம்பிக்குப் பணம் இருந்தது. கம்பியின் மறுமுனையில் வைக்கக் கணிப்பொறியும் இல்லை, பொருத்திக் காட்ட ஆளும் இல்லை. ஏனெனில் இ-ரேட் நிதி தொடர்புக்கும் கம்பி இணைப்புக்கும் மட்டுமே உரியது. கணிப்பொறி வாங்கவோ, ஆசிரியரைப் பயிற்றுவிக்கவோ, நூலகருக்கு ஊதியம் தரவோ அதில் இடமில்லை. அவற்றைப் பள்ளியே தேடிக்கொள்ளும் என்று விதி எழுதியோர் எண்ணினர். செல்வ ஊர்கள் தேடிக்கொண்டன.

இத்துணைக் குறையிருந்தும், திட்டம் வீண் என்று கூறுவது நடுநிலை ஆகாது. 2005இல் எடுத்த கணக்கின்படி ஏறக்குறைய எல்லாப் பொதுப் பள்ளிகளும், கற்பிக்கும் அறைகளில் 94 விழுக்காடும் இணையம் பெற்றிருந்தன. பதினொரே ஆண்டுகளில் 3 என்பது 94 ஆனது சிறு செயலன்று. இ-ரேட் இல்லாதிருந்தால் வறிய பள்ளிகள் கடைசியாகவே அதனைக் கண்டிருக்கும். உட்கட்டமைப்புக்கான பணம் ஆண்டுதோறும் மிக உயர்ந்த தள்ளுபடிக்குரிய பள்ளிகளோடு தீர்ந்துபோக, அவற்றுள் சில நல்ல கருவியையே மீண்டும் மீண்டும் மாற்ற, நடுத்தரப் பள்ளிகள் ஏங்கி நின்றன. ஐந்தாண்டுகளில் இரண்டு முறைக்கு மேல் அப்பணம் கோரலாகாது என்று 2003 இறுதியில் ஆணையம் விதித்தது. 2014இல் விதிகள் மீண்டும் மாற்றப்பட்டன. உச்சவரம்பு 390 கோடி டாலராக உயர்ந்தது. வெறும் தொலைபேசிக்கான தள்ளுபடி படிப்படியாக நீக்கப்பட்டு, அகலக்கற்றைக்கும் வகுப்பறைக்குள் கம்பியில்லா இணைப்புக்கும் பணம் திருப்பப்பட்டது. உள்ளிணைப்புக்கான மிக உயர்ந்த தள்ளுபடி 90இலிருந்து 85 ஆகக் குறைக்கப்பட்டது. பள்ளியின் பங்கு சற்றே கூடினால் கண்ணும் சற்றே விழிக்கும் என்பதே இறுதி மாற்றத்தின் கருத்து.

நிபந்தனை என்னும் விலை

மானியம் பெறுவோர் செலுத்தும் விலை பணம் மட்டுமன்று. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய சிறுவர் இணையப் பாதுகாப்புச் சட்டம், இணையத்திற்கு இ-ரேட் தள்ளுபடி பெறும் பள்ளியும் நூலகமும் தீய படங்களைத் தடுக்கும் வடிகட்டி மென்பொருளை நிறுவவேண்டும் என்றது. அமெரிக்க நூலகச் சங்கம் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. வடிகட்டி சொற்பொருளறியாது தடுப்பதால் நோய் பற்றியும் உடல்நலம் பற்றியும் நல்ல செய்தி தேடுவோரும் தடுக்கப்படுவர் என்பது அதன் வாதம். 2003 ஜூன் 23ஆம் நாள் உச்சநீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்னும் பெரும்பான்மையில் சட்டம் செல்லும் எனத் தீர்த்தது. வயது வந்த வாசகர் கேட்டுக்கொண்டால் நூலகர் வடிகட்டியை நீக்கலாம் என்னும் ஏற்பாடு தீர்ப்பில் பெரிதும் மதிக்கப்பட்டது.

சிறுவரைக் காக்கவேண்டும் என்பதில் நம் சமுதாயப் பெரியோர்க்கு மாற்றுக் கருத்து இராது, நமக்கும் இல்லை. ஆயினும் ஒன்றைக் கருதவேண்டும். தள்ளுபடியே வேண்டா, வடிகட்டியும் வேண்டா என்று விலகி நின்ற நூலகங்கள் சில உண்டு. அவ்வாறு விலகும் உரிமை ஏட்டளவில் எல்லார்க்கும் பொது. நடைமுறையில் பணமுள்ள ஊர்களுக்கே எளிது. மேலும், வடிகட்டியைக் கேட்டு நீக்கும் ஏற்பாடு பொருளுடையதாக வேண்டுமானால், கேட்பதற்கு அங்கே ஒரு நூலகர் இருக்கவேண்டும்.

நூலகர் எங்கே?

இவ்வினாவே நம்மை இவ்வாய்வுக்குத் தூண்டியது. 1999-2000 கல்வியாண்டுக்கும் 2015-16க்கும் இடையே அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் முழுநேரப் பள்ளி நூலகர் பணியிடங்கள் பத்தாயிரத்துக்கும் மேல் குறைந்தன; ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. இ-ரேட் வளர்ந்த அதே ஆண்டுகளில்தான் இக்குறைவு நேர்ந்தது. இணையமே வந்துவிட்டபின் நூலகர் எதற்கு என்று வாரியங்கள் எண்ணியிருக்கலாம். 2008ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் எதை வெட்டுவது என்று தேடியபோது கண்ணிற்பட்டதும் இதுவாக இருக்கலாம். கம்பியை நிறுத்தினால் வெளியிலிருந்து வரும் பணம் நின்றுவிடும். நூலகரை நிறுத்தினால் உள்ளிருந்து போகும் பணம் மிச்சமாகும். எதனை வெட்டுவர் என்பதைக் கணக்கறிந்த எவரும் சொல்லிவிடலாம்.

மனிதருக்கும் பணம் தந்த திட்டங்கள் இல்லாமற் போகவில்லை. 2002 முதல் நடைபெற்ற தொழில்நுட்பவழிக் கல்வி மேம்பாட்டு மானியம், பெற்ற தொகையில் குறைந்தது கால் பங்கினை ஆசிரியர் பயிற்சிக்குச் செலவிட வேண்டும் என்று விதித்தது. நல்ல விதி. ஆனால் இம்மானியம் நாடாளுமன்றத்தின் ஆண்டு ஒதுக்கீட்டை நம்பியிருந்தது. தொடக்கத்தில் 70 கோடி டாலரை ஒட்டியிருந்த ஒதுக்கீடு 2010இல் 10 கோடியாகச் சுருங்கி, 2011இல் அற்றுப்போயிற்று. பில் கேட்ஸ் இணையரின் அறக்கட்டளை 1997இல் தொடங்கிய நூலகத் திட்டம், வறியோர் மிகுந்த வட்டாரங்களைத் தேர்ந்து ஏறத்தாழ 11,000 பொது நூலகங்களுக்குக் கணிப்பொறியும் அதனோடு பணியாளர் பயிற்சியும் வழங்கியது. கார்னகி நாற்பதாண்டுகளில் கற்ற பாடத்தை இவர்கள் தொடக்கத்திலேயே கற்றிருந்தனர் எனலாம். ஆயினும் கணிப்பொறி கார்னகியின் கல் கட்டடம் அன்று. நூறாண்டு கடந்தும் அக்கட்டடங்கள் பல நிற்கின்றன. கணிப்பொறியோ நான்கைந்து ஆண்டுகளில் மூப்பெய்துகிறது. கொடையாளி சென்றபின் அதனை மாற்றும் செலவு ஊரின் தலையில் விழுகிறது. நம் நாட்டில் 2004இல் தொடங்கிய பள்ளிகளில் தகவல்தொடர்புத் தொழில்நுட்பத் திட்டத்திலும் தனியார் நிறுவனங்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கணிப்பொறிக் கூடம் அமைத்துப் பின் பள்ளியிடம் ஒப்படைக்கும் முறை கையாளப்பட்டது. ஒப்படைக்கும் நாளில் கணிப்பொறியின் அகவையும் ஐந்து என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பள்ளி மூடிய காலம்

2020இல் கொரோனா நோய் பரவிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, கால் நூற்றாண்டாகப் போட்ட கம்பிகள் யாவும் ஆளில்லாக் கட்டடங்களுக்குள் கிடந்தன. சட்டம் வகுப்பறையையும் நூலகத்தையும் இணைத்திருந்தது; வீட்டை இணைக்கவில்லை. மூடிய நூலகத்தின் வாகன நிறுத்துமிடத்தில் பெற்றோரின் வண்டிக்குள் அமர்ந்து, சுவரைக் கடந்து வரும் கம்பியில்லா இணைப்பில் பிள்ளைகள் பாடம் எழுதிய காட்சிகளை அந்நாளைய செய்தித்தாள்கள் வெளியிட்டன. 2021இல் நாடாளுமன்றம் அவசர இணைப்பு நிதியாக 717 கோடி டாலர் ஒதுக்கியது. இம்முறை மடிக்கணினியும், வீட்டுக்கு எடுத்துச் செல்லும் கையடக்க இணையக் கருவியும் அதில் அடங்கின. கூர்ந்து நோக்கின், இருபதாண்டுகளுக்கு முன் புவேர்ட்டோ ரிக்கோவில் இல்லாதிருந்த மறுமுனைக்கு அப்போதுதான் பணம் வந்தது. அந்நிதி 2024 ஜூன் 30ஆம் நாளோடு முடிந்தது.

அதனை ஈடுசெய்ய, 2024 ஜூலையில் ஆணையம் நூலகங்களும் பள்ளிகளும் இரவல் தரும் இணையக் கருவிகளுக்கு இ-ரேட் தள்ளுபடி நீளும் என்று அறிவித்தது. நூலை இரவல் தருவதுபோல இணையத்தை இரவல் தரும் இவ்வேற்பாடு, நூலகத்தின் பழந்தொழிலுக்கு இயைந்ததே என்று நமக்குத் தோன்றுகிறது. சட்டத்தில் வகுப்பறை, நூலகம் என்றிருக்க வீட்டுக்கு எவ்வாறு தரலாம் என்று மறுத்தோரும் இருந்தனர். சொல்லைச் சொல்லாகவே கொண்டால் அவர்கள் கூற்றையும் எளிதில் ஒதுக்க இயலாது. ஆட்சி மாறியபின் ஆணையத்தின் பெரும்பான்மையும் மாறியது.

2025ஆம் ஆண்டில் இரண்டு முடிவுகள் அடுத்தடுத்து வந்தன. தொலைபேசிக் கட்டணத்திலிருந்து இந்நிதியைத் திரட்டும் முறையே அரசியலமைப்புக்கு முரண் என்று தொடுக்கப்பட்ட வழக்கில், ஜூன் 27ஆம் நாள் உச்சநீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்னும் பெரும்பான்மையில் நிதி செல்லும் எனத் தீர்ப்பளித்தது. வகுப்பறைக்கும் நூலகக் கட்டடத்துக்கும் செல்லும் பணம் அவ்வாறு காப்பாற்றப்பட்டது. மூன்று திங்கள் கழித்து, செப்டம்பர் 30ஆம் நாள், இரவல் கருவிகளுக்கும் பள்ளிப் பேருந்துகளின் இணைப்புக்கும் தந்திருந்த தள்ளுபடியை ஆணையம் வாக்கெடுத்து நீக்கியது. இனி அக்கருவிகளுக்கு மாதக் கட்டணம் செலுத்துவதா, திரும்பப் பெற்றுக்கொள்வதா என்பதை அந்தந்த ஊரின் நூலகமே தன் வரவு செலவுக் கணக்கைப் பார்த்து முடிவு செய்யவேண்டியதாயிற்று.